மூன்றாவது பிளாப்பி

கன்னியப்பன் ஐந்து பிளாப்பி வட்டுகளை மருந்துக்கடைப் பை ஒன்றில் போட்டு எடுத்து வந்திருந்தார். வலது கை மணிக்கட்டிலிருந்து துவண்டு தொங்கியதால் இடது கையால் பையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். வயது எழுபத்தொன்று. கும்மிடிப்பூண்டிப் பக்கம் செங்கதிர் பேட்டரி ஆலையில் பதினான்கு வருடம் ஈயம் உருக்கியவர்.

"டாக்டர் வரதன் வூட்டுப் பரண்ல கெடந்துச்சும்மா. அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. அவரு பொண்ணுதான் கூப்ட்டுக் குடுத்துச்சு. ஆலையில எங்க எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்க இல்ல, அந்த டெஸ்ட்டெல்லாம் இதுலதான் ஏத்தி வச்சிருக்காரு."

யாமினி ஒன்றை எடுத்து அதன் உலோகக் கதவை நகர்த்திப் பார்த்தாள். உள்ளே பழுப்புத் தகட்டில் திட்டுத்திட்டாக வெள்ளைப் பூஞ்சை.

"ஒண்ணு கேக்கட்டுமாம்மா? கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்ல எல்லா பைலும் இருக்குது. அத்த வுட்டுட்டு கோர்ட்ல இந்தக் குப்பைய ஏன் கேக்கறாங்கோ?"

"அந்த பைலை எப்ப எழுதினாங்கன்னு யாருக்கும் தெரியாதுங்க ஐயா. இன்னைக்குக் காலையில எழுதிட்டு நாப்பது வருஷத்துக்கு முந்தினதுன்னு காட்டலாம். உங்க குரல்லயே நீங்க பேசாததப் பேச வைக்கலாம். அதனாலதான் கோர்ட் போட்டோ, வீடியோ எதையும் நம்பறதில்ல. இதை மட்டும் நம்பும்."

"இது இன்னா அரிச்சந்திரனா?"

யாமினி சிரித்தாள். "இதுக்கு வயசாகும். அவ்வளவுதான்."

அதைக் கண்டுபிடித்தவள் அவளே. காந்தப் பூச்சில் எழுதிய எழுத்து வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்துபோகும். அந்தச் சோர்வை அளந்தால் எழுதிய வருடம் தெரிந்துவிடும். 2033-இல் நீதிமன்றங்கள் அந்தச் சோதனையை ஏற்றுக்கொண்டபோது, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பழைய கம்ப்யூட்டர்களைக் கட்டி அழுதுகொண்டிருந்த அவளுடைய சின்னக் கூடம் திடீரென்று சான்றகம் ஆனது. அங்கே ஏழு இயந்திரங்கள் உயிரோடு இருந்தன. எல்லாமே 1988-க்கும் 1999-க்கும் இடையில் பிறந்தவை. ஒரு பிளாப்பியை அதன் காலத்து இயந்திரத்தில், அதன் காலத்து ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் திறக்க வேண்டும் என்பது சட்டம். புதிய இயந்திரம் தொட்டால் சாட்சி கெட்டது.

அந்த ஏழையும் ஓடவைத்துக்கொண்டிருந்தவன் செழியன். கல்லூரியில் அவளுடன் படித்தவன்; பதினேழு வருடமாக அந்தக் கூடத்தில் பங்காளி. செத்த மின்பலகையைச் சூடுவைத்து எழுப்புவான். பூஞ்சை பிடித்த தகட்டை உறையிலிருந்து உரித்து, கழுவி, ஈரம் போக அடுப்பில் இளஞ்சூட்டில் வைத்து எடுப்பான். யாமினியின் அம்மா நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சான்றகத்தை அவன்தான் பார்த்துக்கொண்டான். ஆனால் ஒரு சான்றிதழில்கூட அவளுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடவில்லை. எல்லாவற்றையும் அடுக்கிவைத்து, "கையெழுத்து உன்னோடது. நான் தொட மாட்டேன்" என்றான். அதற்குப் பிறகு அவனைச் சந்தேகப்பட வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை.

ஐந்தில் நான்கு பிளாப்பிகள் தேறவில்லை. மூன்றாவது பிழைத்தது. செழியன் ஒன்பது நாள் அதோடு மல்லுக்கட்டினான்.

திறக்கும் நாளில் கன்னியப்பனையும் வரச் சொன்னார்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஒவ்வொரு வரியாக மேலேறின. முதலில் 1994 என்ற தேதி. பிறகு பெயர், டோக்கன் எண், பிரிவு, ரத்தத்தில் ஈயத்தின் அளவு. இருநூற்றுப் பதினான்கு பேர். நாற்பதைத் தாண்டினாலே ஆளை வேலையிலிருந்து நகர்த்த வேண்டும். அந்தப் பட்டியலில் நாற்பதுக்குக் கீழே பதினொரு பேர்தான்.

"எம்பேரு எங்கம்மா?"

"இதோ. கன்னியப்பன், உருக்கு உலை. எழுபத்தெட்டு."

அவர் திரைக்கு அருகில் குனிந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ தொண்ணூத்தி நாலுலயே அவங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"டெஸ்ட்டே எடுக்கலன்னு கோர்ட்ல சத்தியம் பண்ணாங்களேம்மா."

செழியன் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவர் இடது கையால் வாங்கிக் குடிக்கும்வரை தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

யாமினி முதல் அறிக்கை கொடுத்தாள். வட்டு 1994-ஐச் சேர்ந்தது, உள்ளே இருப்பது ஆலை மருத்துவரின் பதிவு. ஆலைமேல் தொழிலாளர்கள் போட்டிருந்த வழக்கு ஒரே நாளில் திசைமாறியது. ஆலை நிர்வாகம் அதுவரை ஒரு சமரசம் பேசிக்கொண்டிருந்தது: வழக்கை விட்டுவிட்டால் எல்லோருக்கும் சாகும்வரை வைத்தியம் பார்க்கிறோம், ஆனால் தப்பு எங்களுடையது என்று சொல்ல மாட்டோம். அறிக்கை வந்த மறுவாரம் தொழிலாளர்கள் சங்கத்தில் கூடி, கை தூக்கி, சமரசம் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். "அந்தம்மா எழுதிக் குடுத்துட்டாங்க, இனிமே இன்னா பயம்" என்று கன்னியப்பன் அந்தக் கூட்டத்தில் பேசியதாக அவர்களுடைய வக்கீல் போனில் சொன்னார்.

சாட்சிக் கூண்டு ஏறுவதற்கு முதல் நாள் வட்டை மறுபடி முழுக்கப் படிப்பது யாமினியின் வழக்கம். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, தகவல் முடிந்த பிறகு வரும் வெற்றிடத்தையும் சேர்த்து. அன்று மத்தியானம் செழியன் ஏதோ உதிரிபாகம் வாங்க ரிச்சி தெருவுக்குப் போயிருந்தான்.

அந்தப் பழைய சிஸ்டத்துக்கு ஒரு குணம் உண்டு. பிளாப்பியை அது ஐந்நூற்றுப் பன்னிரண்டு எழுத்து கொள்ளும் சின்னச் சின்ன அறைகளாகத்தான் நிரப்பும். செக்டர் என்று பெயர். கடைசி செக்டரில் இடம் மிஞ்சினால் அதைக் காலியாக விடாது. அந்த நேரத்தில் இயந்திரத்தின் நினைவகத்தில் என்ன கிடக்கிறதோ அதை அள்ளிப் போட்டு ரொப்பிவிடும். எழுதுகிறவனுக்கு இது தெரியாது. பட்டியலைத் திறக்கிறவனுக்கும் தெரியாது. அந்தச் செக்டரை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும்.

யாமினி பிரித்துப் பார்த்தாள்.

இருநூற்றுப் பதினான்காவது பெயருக்குப் பிறகு கொஞ்சம் குப்பை எழுத்து. அதன் பின்னால் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ் வரி ஒன்று: "மார்ச் 12. கன்னியப்பன் ஐயாவின் வட்டு மூன்று. செழியன் பூஞ்சை நீக்கி முடித்தான். நாளை படிக்க வேண்டும்."

அது அவளே அடித்த வரி. இதே இயந்திரத்தில், இந்த வருடம், தினக்குறிப்பில்.

1994-இல் எழுதிய வட்டில் அது இருக்க வழியே இல்லை. அப்போது அவளுக்கு ஒரு வயது.

செழியன் திரும்பி வந்தபோது அவள் திரையை அணைக்காமல் வைத்திருந்தாள். அவன் பார்த்தான். கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தான். மறுக்கவில்லை.

"வட்டுல ஒண்ணுமே இல்ல யாமினி. பூஞ்சை தின்னு தீத்திருந்தது."

"இந்த நம்பரெல்லாம்?"

"நான் போட்டது. பேரும் டோக்கனும் சங்கத்து ரெஜிஸ்டர்ல இருந்து எடுத்தேன். மெஷின்ல தேதியைப் பின்னால தள்ளிட்டு எழுதினேன். அப்புறம் அடுப்புல வச்சேன். சூட்டை நிதானமா ஏத்தினா எழுத்து சீக்கிரம் கிழடாயிடும்."

"என் சோதனையை ஏமாத்தியிருக்கே."

"அந்தாளு கையைப் பாத்தியா? அவர் புள்ளைக்கு நாப்பத்தி நாலு வயசு, இன்னும் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. அவருகிட்ட ஒண்ணும் இல்லீங்கன்னு சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரல. நம்பர்தான் நான் போட்டது. விஷத்தை நானா போட்டேன்?"

யாமினி நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது, வரவில்லை.

"நாளைக்கு எதுவும் சொல்லாதே" என்றான் அவன். "கடைசி செக்டரை உன்னைத் தவிர யாரும் பாக்கப்போறதில்ல. கெஞ்சிக் கேக்கறேன்."

அவள் எழுந்து திரையை அணைத்தாள். அவன் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

மறுநாள் நீதிமன்றத்தில் தொழிலாளர்கள் காலையிலேயே வந்து பெஞ்சுகளை நிரப்பியிருந்தார்கள். கன்னியப்பன் சலவைச் சட்டை போட்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி அஞ்சலை. நீதிபதி வழக்கமான கேள்வியைக் கேட்டார்: இந்த வட்டில் உள்ள பதிவு 1994-இல் எழுதப்பட்டதா?

"இல்லை" என்றாள் யாமினி.

தொழிலாளர்களின் வக்கீல் எழுந்து நின்றுவிட்டார்.

"என் முதல் அறிக்கை தவறானது. இந்தப் பதிவு இந்த ஆண்டு எழுதப்பட்டது. என் சான்றகத்தில் வைத்து எழுதப்பட்டது."

"எழுதியது யார்?"

ஒரு நொடி செழியனின் முகம் கண்முன் வந்தது. கன்னியப்பனின் தோளைத் தாங்கிப் பிடித்திருந்த கை வந்தது. ஈரமனசுக்காரன் செய்த தப்பு என்று நினைத்தாள்.

"சான்றகம் என்னுடையது. பொறுப்பும் என்னுடையது. வேறு யாரையும் சொல்வதற்கில்லை."

பெஞ்சுகளில் சத்தம் எழுந்தது. நீதிபதி மேசையைத் தட்டினார். அந்தக் கூடத்தில் ஆச்சரியப்படாத ஒரே ஆள் ஆலையின் வக்கீல். அவர் தன் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

வெளியே படிக்கட்டில் கன்னியப்பன் அவளை மறித்தார். அடிப்பாரோ என்று பயந்தாள். அடித்திருந்தால் தேவலை.

"பொய்னு சொல்லிட்டீங்களேம்மா."

"ஐயா, அந்த நம்பரெல்லாம் உண்மையில வட்டுல இல்லீங்க. யாரோ..."

"இருந்துச்சும்மா. டாக்டர் எங்க எதிர்லதான் தட்டுனாரு. நான் ரத்தம் குடுத்துட்டு பஞ்ச அமுக்கிக்கினு அங்கயேதான் குந்தினு இருந்தேன். டிஸ்க்கு இருந்துச்சு, அதுல நம்பரும் இருந்துச்சு."

அஞ்சலை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாய்யா. அவங்ககிட்ட இன்னாத்துக்குப் பேசினு இருக்கறே."

வழக்கு தள்ளுபடியானது. போலி ஆவணத்தின் மேல் நின்ற வழக்கு என்று தீர்ப்பில் எழுதியதால் அதை மறுபடி தொடுக்கவும் வழி இல்லை. சமரசத்தை ஆலை திரும்பப் பெற்றுக்கொண்டது. தானாக வந்து உண்மை சொன்னதற்காக நீதிபதி யாமினிமேல் குற்ற வழக்குப் போடவில்லை. உரிமத்தை மட்டும் ரத்து செய்தார். செழியன் ஒரு வாரம் அழுதுகொண்டே வந்து போனான். பிறகு, "உன் மூஞ்சில முழிக்க முடியல" என்று சொல்லிவிட்டு வெளியூர் போய்விட்டான்.

இரண்டு மாதம் கழித்து நீதிமன்றம் அந்த ஐந்து பிளாப்பிகளையும் தபாலில் திருப்பி அனுப்பியது. செல்லாத சாட்சியை வைத்துக்கொள்ள அவர்களுக்கு இடம் இல்லை. யாமினிக்கும் வேலை எதுவும் இல்லை. 'டிஸ்க்கு இருந்துச்சு, அதுல நம்பரும் இருந்துச்சு' என்ற குரல் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

டாக்டரின் இயந்திரம் வேறு, இவர்கள் இயந்திரம் வேறு. இரண்டிலும் வட்டை எழுதவும் படிக்கவும் செய்யும் எழுதுமுனை இம்மி பிசகாமல் ஒரே தடத்தில் ஓட முடியாது. ஒரு கட்சி எழுதிய சுவரில் வேறு கட்சிக்காரன் வெள்ளையடித்து எழுதினாலும் ஓரத்தில் பழைய சின்னம் எட்டிப் பார்க்குமே, அதுபோல அடியில் ஏதாவது இருந்தால் ஓரத்தில் தெரிந்தாக வேண்டும். அவள் எழுதுமுனையை மயிரிழை தள்ளி வைத்து மூன்றாவது பிளாப்பியைப் படித்தாள். இரைச்சல்தான் வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். பதினொரு நாள் தள்ளித் தள்ளிப் படித்தாள்.

பழைய எழுத்து இருந்தது. நிஜமாகவே கிழடான எழுத்து. செழியன் வைத்த அடுப்புச் சூட்டைக் கழித்தால் அதன் வயது நாற்பத்தேழு என்று சோதனை சொன்னது.

இருநூற்றுப் பதினான்கில் முப்பத்தேழு பேரைத்தான் முழுசாக மீட்க முடிந்தது. ஒவ்வொன்றையும் மேலே இருந்த போலிப் பட்டியலோடு ஒப்பிட்டாள். கன்னியப்பன், உருக்கு உலை, எழுபத்தெட்டு. மேலேயும் எழுபத்தெட்டு. அடுத்தவர் தொண்ணூற்றொன்று. மேலேயும் தொண்ணூற்றொன்று. முப்பத்தேழிலும் ஓர் எண்கூட மாறவில்லை.

செழியன் எதையும் கற்பனை செய்து எழுதவில்லை. இருந்த உண்மையை எடுத்து, அதே இடத்தில், அப்படியே திரும்ப எழுதியிருக்கிறான். அவள் கூண்டில் ஏறிப் பொய் என்று சொன்ன ஒவ்வொரு எண்ணும் நிஜம்.

போனில் கூப்பிட்டுப் பயன் இல்லை. திரையில் வரும் முகம் அவனுடையதுதான் என்பதற்கே உத்தரவாதம் இல்லாத காலம். விசாரித்தபோது புனேயில் இருப்பதாகத் தெரிந்தது. ரயிலேறிப் போனாள். புதிதாகத் திறந்த பெரிய சான்றகம் அது. வாசலில் தலைமை அதிகாரி என்று அவன் பெயர் இருந்தது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நாற்பது பழைய இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. யார் வைத்துக் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை. வரவேற்பறைச் சுவரில் புரவலர்கள் பட்டியல் இருந்தது. செங்கதிர் பேட்டரி இரண்டாவது பெயர்.

அவளைப் பார்த்ததும் அவன் எழுந்து கதவைச் சாத்தினான்.

"ஓரத்தைப் படிச்சிட்டியா?" என்றான். "படிப்பேன்னு தெரியும். இவ்வளவு சீக்கிரம்னு நினைக்கல."

"உள்ள இருந்ததையே எதுக்குடா திருப்பி எழுதினே? அழிச்சிருந்தா தீர்ந்துது இல்ல?"

"அழிச்சிருந்தா அவங்க வேற சாட்சி தேடியிருப்பாங்க. டாக்டர் வேற எங்கயாவது ஒரு காப்பி வச்சிருப்பாரு, ஆஸ்பத்திரியில ஒரு தாள் கிடைக்கும். போலின்னு ஒரு தடவை முத்திரை விழுந்துட்டா, அப்புறம் நிஜமே வந்து நின்னாலும் யாரும் ஏறெடுத்துப் பாக்க மாட்டாங்க."

"அந்தக் கடைசி செக்டர்?"

"நான்தான் வச்சேன். உன் குறிப்பைத் திறந்து மூடிட்டு, அடுத்தாப்பல பட்டியலைச் சேமிச்சேன்."

"நான் பாக்காம விட்டிருந்தா?"

"நீயா? இத்தனை வருஷத்துல ஒரு நாள் விட்டிருக்கியா?"

"பாத்துட்டு மறைச்சிருந்தா?"

அவன் முதன்முறையாக அவள் கண்ணைப் பார்த்தான். "நீ மறைக்க மாட்டே. என்னைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டே. ரெண்டையும் நம்பித்தான் இதுல இறங்கினேன். உன்னைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு யார் இருக்கா?"

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கெஞ்சினானே, அந்தக் கெஞ்சலும் கணக்கில் சேர்த்ததுதான். சொல்லாதே என்று கெஞ்சினால் அவள் சொல்லியே தீருவாள் என்று தெரிந்து கெஞ்சியது.

"அந்த மனுஷனுக்குத் தண்ணி குடுத்தியேடா."

"தாகமா இருந்தாரு" என்றான் செழியன். பிறகு குரல் மாறியது. "பதினேழு வருஷம் நான் பூஞ்சை துடைச்சேன். கூண்டுல ஏறினது நீ. பேப்பர்ல வந்தது உன் பேர். அந்த மெஷினை உயிரோட வச்சது யாருன்னு ஒரு பய கேட்டானா? இதையெல்லாம் போன்ல பதிவு பண்றியா? பண்ணிக்கோ. நான் பேசினதுன்னு எவன் நம்புவான்?"

அவள் பதிவு செய்யவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

சென்னை சென்ட்ரலில் இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் அடுத்த மின்ரயிலில் கும்மிடிப்பூண்டி போனாள். கன்னியப்பன் வீட்டு வாசலில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அவருடைய மகன் படியில் உட்கார்ந்து ஈரத்துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அஞ்சலை கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். யாமினியைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

கன்னியப்பன் உள்ளேயிருந்து வந்தார். உட்காரச் சொல்லவில்லை. யாமினி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். செழியன் பெயரையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது கன்னியப்பன் சுவரில் சாய்ந்திருந்தார்.

"அப்போ எழுபத்தெட்டு நெசந்தானா?"

"நெசந்தாங்க ஐயா. நீங்க சொன்னதுதான் சரி. இருந்தது."

"சொன்னேன் இல்லடி" என்றார் அவர் மனைவியிடம். "நான் பாத்தேன்னு சொன்னேன் இல்ல." அவர் கண் கலங்கிவிட்டது.

அஞ்சலை கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். அப்புறம் யாமினிக்கு எதிரில் வந்து நின்றாள்.

"இவரு டூட்டி முடிச்சி வந்தா, அந்தக் காக்கித் துணிய நான்தாம்மா தொவைப்பேன். இவன் அப்போ வயித்துல. தண்ணியில சாம்பலாட்டம் பொடி வரும். நம்பர் நெசம்னா, இவன் இப்பிடிப் பொறந்ததுக்கு அதான் காரணமா?"

"இருக்கலாங்கம்மா. உலைக்காரங்க துணி மூலமா ஈயம் வீட்டுக்கு வரும்."

"இருவது வருஷம் எம்மாமியா எம்மேலதான் பழி சொல்லிச்சு. கிரகணத்துல வெளிய போனேன்னு. நானும் அப்பிடித்தான் நெனச்சினு இருந்தேன். கேஸு போட்டப்ப, இல்ல, கம்பெனிதான்னாங்க. நம்புனேன். நீ எழுதிக் குடுத்தே, இன்னும் நம்புனேன். அப்பால நீயே போயி அவ்ளோ ஜனம் முன்னால பொய்யின்னே. அன்னிக்கு வூட்டுக்கு வந்து திரும்பவும் எம்மேலயே பழியப் போட்டுக்கினேன். இன்னிக்கு வந்து நெசம்னு சொல்றே. நான் உன்னோட எந்தப் பேச்சம்மா எடுத்துக்கறது?"

யாமினி பையிலிருந்து முப்பத்தேழு பெயர்கள் அச்சடித்த தாளை எடுத்து நீட்டினாள். அஞ்சலை அதைத் தொடவில்லை.

"திங்கக்கிழமை கோர்ட்டுக்குப் போறேன்" என்றாள் யாமினி. "நான் சொன்ன சாட்சி தப்புன்னு என் மேலயே மனு குடுக்கப் போறேன். யார் செஞ்சாங்கன்னும் சொல்லப்போறேன்."

"ஒத்துக்குவாங்களா?" என்றார் கன்னியப்பன்.

"முதல்ல ஒத்துக்க மாட்டாங்க. திருப்பி எழுதின வட்டு செல்லாதும்பாங்க. என் சொல்லும் செல்லாது. ஆனா சொல்லிட்டேதான் இருப்பேன்."

கன்னியப்பன் தாளை வாங்க இடது கையை நீட்டினார். அஞ்சலை அவர் கையைத் தடுத்தாள்.

"இங்க வேணாம். இத்த எடுத்துனு போயி, எங்க நின்னு பொய்யின்னு சொன்னியோ அங்கயே நின்னு சொல்லு" என்றாள். "அவ்ளோ ஜனத்துக்கும் கேக்கறாப்பல சொல்லு. அப்பால வந்து எங்கிட்ட சொல்லு."

அவள் திரும்பிப் போய் மகனிடமிருந்து அடுத்த துணியை வாங்கினாள்.